மேல் ஏரியும் கீழ் ஏரியும்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். மலைக்கு மேற்கே, செங்கத்துக்கு அப்பால், ஜவ்வாது மலையின் தென்கோடியில் நிலம் தாழ்ந்து வழிவிடுகிற கணவாயைக் கவனிப்பவர்கள் சிலரே. ஆயினும் இந்நகரத்தின் சரித்திரத்தில் பாதி அந்தக் கணவாய் வழியாக வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து பாராமகால் சீமைக்கு இறங்கி, அங்கிருந்து தொண்டை நாட்டுச் சமவெளியை அடைய விரும்பிய வணிகரும், யாத்திரிகரும், படைத்தலைவரும், நாடிழந்த மன்னரும் இவ்வழியே வந்து அருணாசலத்தின் அடிவாரத்தில் தங்கினார்கள். கணவாய்க்குத் தெற்கே, நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து ஏறத்தாழ 430 கிலோமீட்டர் ஓடிக் கடலூருக்கு அருகில் கடலில் கலக்கும் தென்பெண்ணையாறும் அதே மேட்டு நாட்டிலிருந்து, மலைகளை அறுத்துக்கொண்டு வருகிறது.

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நாடுகள் தங்கள் மக்களையும் மண்ணையும் நெடுங்காலம் வாழவைக்க வேண்டுமானால் அவற்றுக்குள் எத்தகைய உறவு வேண்டும் என்று கேட்டால், சிநேகம் வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சிநேகம் அரசர்களோடு வந்து அரசர்களோடு போய்விடுகிறது. மேலே இருப்பவன் கட்டுமுன் கேட்க வேண்டும், கீழே இருப்பவன் காரணம் காட்டாமல் மறுக்கக் கூடாது என்ற இரண்டு கடமைகளே எஞ்சி நிற்கின்றன என்பதைத் திருவண்ணாமலைச் சீமையின் பழங்கதை தெளிவாகக் காட்டுகிறது. அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், மூன்றாம் குலோத்துங்க சோழன் ஆண்ட காலத்தில், இப்பகுதியின் குறுநிலத் தலைவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கைகள் செய்துகொண்டு அவற்றைச் செங்கத்துக் கோயிற் சுவர்களில் கல்லில் வெட்டிவைத்தார்கள். சம்புவராயரும், தகடூர் அதிகமான் மரபினரும், அவர்களை அடுத்திருந்த பிறரும் இன்னாருக்கு இன்னார் துணை, இன்னார் பகைவர் நமக்கும் பகைவர் என்று அவற்றில் சத்தியம் செய்திருக்கிறார்கள். அயல்நாட்டாரோடு ஒத்துழைப்பது என்பதற்கு அன்று இருந்த பொருள் இவ்வளவே. மூன்றாவது ஒருவன்மேல் சேர்ந்து படையெடுப்பதும், அவன் வந்தால் சேர்ந்து தடுப்பதும். எழுத்துக்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. அவற்றை எழுதுவித்த வமிசங்கள் அடுத்த சில தலைமுறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன.

அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். 1311-இல் மாலிக் காபூரின் படையும், பின்னர் துக்ளக்கின் படையும் அவருடைய துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பிறகு, அவர் கன்னட நாட்டை விட்டுக் கீழிறங்கித் திருவண்ணாமலையைத் தம் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டார்; அவர் காலத்துச் சாசனங்கள் இவ்வூரை உண்ணாமலைப் பட்டணம் என்று குறிக்கின்றன. மதுரைச் சுல்தானோடு கண்ணனூரில் செய்த போரில் முதிர்ந்த வயதில் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டதையும், அவருடைய தோல் மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதையும் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். அண்ணாமலையார் ஆலயத்தின் வல்லாள கோபுரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவரைப் பற்றி இவ்வூரார் கொண்ட முடிவு சரித்திரக்காரர்களின் முடிவினும் விசேஷமானது. புத்திரனில்லாத வல்லாள மகாராஜனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்று சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் சொல்லுகிறது. மகன் என்று ஆனபின் மகனுக்குரிய கடன் விடாது அல்லவா? ஆகையால் தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடிந்து சுவாமி திரும்பும் வழியில் மன்னர் இறந்த செய்தி அவருக்கு அறிவிக்கப்படுகிறது. அதுவரை முழங்கிய மேளதாளங்கள் நின்றுபோக, வாத்தியமில்லாமலே சுவாமி கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று நகருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக் கரையில், அண்ணாமலையார் எழுந்தருளி வல்லாளருக்குத் திதி கொடுக்கிறார். அயல் தேசத்திலிருந்து வந்து இவ்வூரில் ஆண்ட ஒருவருக்கு ஊர்த் தெய்வமே ஆற்றங்கரையில் நீர்க்கடன் கழிக்கும் வழக்கம் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மாய்ந்த ஓர் அரசனின் பெயரால் இன்றும் தவறாது நடைபெறுகிறது. அயலானை உறவினனாக்கிக்கொள்ள இதைக் காட்டிலும் உறுதியான உபாயத்தை எந்த அரசாங்கமும் கண்டுபிடித்ததில்லை. எனினும், இறந்த அரசனுக்கு வார்க்கிற நீர் வேறு, உயிரோடிருக்கிற குடியானவனுக்கு வர வேண்டிய நீர் வேறு.

விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிவகங்கைத் தீர்த்தத்தை வெட்டுவித்து, ஆயிரக்கால் மண்டபத்தைக் கட்டுவித்து, பதினொரு நிலை ராஜகோபுரத்தைத் தொடங்கிவைத்தார். அதைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். 217 அடி உயர்ந்த அந்தக் கோபுரமே மேட்டு நாட்டாரின் பக்திக்கும் தஞ்சையாரின் பக்திக்கும் பொதுச் சாட்சி. ஆனால் அடுத்த இரு நூற்றாண்டுகள் கழிவதற்குள் அதே கணவாய் வழியாக மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் குதிரைகள் இறங்கின. 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கத்திலும், அதே மாதம் 26-ஆம் தேதி திருவண்ணாமலையிலும் ஹைதரும் நிஜாமும் ஒரு பக்கமும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபக்கமுமாகப் போர் நடந்தது. பாடல் பெற்ற தலம் ஒரு பாசறையாயிற்று. பக்தியோடு வந்தவர்களும் பகையோடு வந்தவர்களும் நடந்த பாதை ஒன்றே என்பதுதான் எல்லையூர்களின் விதி.

இந்தக் காலமெல்லாம், அரசர்களைப் பற்றிய கவலை சிறிதுமின்றி, ஏரிகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. வற்றாத ஜீவநதி ஒன்றும் இல்லாத இச்சீமையில் மழையைப் பிடித்துவைக்கும் ஏரியே விவசாயத்தின் உயிர். அந்த ஏரிகளும் தனித்தனியாக நிற்பதில்லை. மேட்டு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக வழியும் நீர் ஓடையில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகிறது. அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு ஊர்களின் ஏரிகள் ஒரே மாலையில் கோத்த மணிகளாகத் தொடர்ந்து, கடைசியில் ஆற்றில் முடிகின்றன.

கலங்கலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கரையின் ஓரத்தில், கரையைக் காட்டிலும் தாழ்வாக, கல்லால் கட்டிய அகன்ற மேடை ஒன்று இருக்கிறது; அதன்மேல் இரண்டு மூன்று அடி இடைவெளியில் முழங்கால் உயரத்துக்குச் செங்குத்துக் கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. பெருமழைக் காலத்தில் கற்களின் இடைவெளி திறந்தே இருக்கும். வெள்ளம் கரையை உடைக்காமல் அவ்வழியே வழிந்தோடும். மழை ஓயும் தறுவாயில் ஊரார் புல்லும் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு இடைவெளிகளை அடைத்து, ஒரு முழம் நீரை அதிகமாகத் தேக்கிக்கொள்வார்கள். அந்த ஒரு முழ நீர் மேலூரில் பல காணி நிலத்தின் கடைசித் தண்ணீர். கீழூருக்கோ அது வராமற்போகும் முதல் தண்ணீர். எப்போது அடைக்கலாம், எவ்வளவு உயரம் அடைக்கலாம், எப்போது திறக்க வேண்டும் என்பவை எழுதாத சட்டங்கள். அடைப்பதற்கு முன் கீழூர்ப் பெரியதனக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பது முறை. சொல்லாமல் கல்லை உயர்த்தினால் இரவோடு இரவாகக் கடப்பாரையோடு ஆட்கள் வருவதும் ஒரு முறைதான். அதேபோல் கீழூரார் தங்கள் கரையை உயர்த்தினால் மேலூரின் கடைமடை வயல்களில் நீர் தேங்கும்; ஆகவே அவர்களும் கேட்டுத்தான் உயர்த்த வேண்டும். கேட்பது இரு தரப்பாருக்கும் பொதுக் கடமையாக இருந்ததனால்தான் அந்த ஏற்பாடு நிலைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழக்கு ஊர்களை விட்டு நாடுகளுக்கு ஏறிற்று. மைசூர்ச் சீமையில் ஏரிகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்றால், அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு ஏரிப் பாசன அமைப்புக்குள் வந்துவிட்டது என்றும், புதிய ஏரி ஒன்றுக்கு இடம் தேடுவதே கடினம் என்றும் அங்குத் தலைமை இன்ஜினீயராக இருந்த சாங்கி 1860-களில் கருதினார். பிறகு வந்தது 1876–78-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம். மைசூரில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்டது. சென்னை ராஜதானியின் ஆற்காட்டு ஜில்லாக்களும் அதற்குத் தப்பவில்லை. 1881-இல் உடையார் வமிசத்தாருக்கு ஆட்சி திரும்பக் கிடைத்ததும், இனியொரு பஞ்சம் தாங்காது என்று உணர்ந்த மைசூர் சமஸ்தானம், பழைய ஏரிகளைப் புதுப்பிப்பதிலும் புதியன கட்டுவதிலும் முனைந்தது. 1883 முதல் திவானாக இருந்த கே. சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர். பஞ்சத்துக்கு மருந்து பாசனமே என்று நம்பியவர்.

மேலே ஏரிகள் நிறையுமானால் கீழே பெண்ணையும் பாலாறும் என்ன ஆகும் என்று சென்னை அரசாங்கம் அஞ்சியது இயல்பே. பாலாற்று அணைக்கட்டு, திருக்கோவலூர் அணைக்கட்டு முதலியவற்றைக் கட்டி, அவற்றின் நீரை நம்பி நிலவரி வசூலித்துக்கொண்டிருந்த அரசாங்கம் அது. அக்காலத்தில் திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. மேட்டு நாட்டு மழை குறைந்தால் இந்த ஜில்லா முழுவதும் அதன் விளைவை அனுபவித்தது. ஆகவே 1890-இல் உதகமண்டலத்தில் இரு தரப்பாரும் கூடிப் பேசினார்கள். பேச்சு முடிந்து 1892 பிப்ரவரி 18-ஆம் தேதி மைசூருக்கும் சென்னைக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது.

அந்த உடன்படிக்கையின் விதிகளைப் படிக்கிறவருக்கு, ஏதோ ஒரு கலங்கல் ஓரத்தில் இரண்டு ஊர்ப் பெரியவர்கள் பேசிய பேச்சைச் சட்ட பாஷையில் எழுதிவைத்ததுபோலத் தோன்றும். பட்டியலில் கண்ட பதினைந்து பெரிய ஆறுகளின் குறுக்கே — அவற்றுள் துங்கபத்திரையும் காவிரியும் பாலாறும் தென்பெண்ணையும் உண்டு — மைசூர் சமஸ்தானம் சென்னையின் முன்சம்மதமின்றிப் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டலாகாது. கட்ட விரும்பினால் திட்டத்தின் முழு விவரங்களையும் அனுப்பி, வேலை தொடங்குமுன் சம்மதம் பெற வேண்டும். சென்னையோ, முன்பே பெற்று உண்மையில் அநுபவித்துவரும் நீர்ப் பாத்தியதையைக் காப்பதற்காகவன்றி வேறெதற்காகவும் சம்மதம் மறுக்கலாகாது. அப்படி ஒரு பாத்தியதை உண்டா, அதன் அளவு என்ன என்பதில் தகராறு வந்தால், சட்டத்தையும் எல்லா நிலைமைகளுக்கும் ஏற்ற நியாயத்தையும் ஒருங்கே பார்த்து மத்தியஸ்தர்கள் தீர்ப்பார்கள். அல்லது இந்திய அரசாங்கம் தீர்க்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டுத் தூர்ந்துபோன ஏரியை மீண்டும் கட்டினாலும் அது புதிய ஏரியாகவே கருதப்படும் என்ற ஒரு விதி, இவ்விதிகளை வகுத்தவர்கள் கிராமத்து வழக்குகளின் நெளிவுசுளிவுகளை எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

இந்த உடன்படிக்கை சமமானவர்களுக்குள் நடந்தது அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ராஜதானி. மறுபக்கம் அதே பிரிட்டிஷ் மேலாதிக்கத்துக்கு உட்பட்ட சமஸ்தானம். கேட்கும் கடமை மேலிருப்பவனுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. கீழே ராஜதானி தன் பாசனத்தைப் பெருக்கிக்கொண்டே போய், நாளைக்கு அதையே அநுபோக பாத்தியதை என்று காட்டலாம். ஊர் வழக்கத்தில் இரு கையாலும் இழுக்கப்பட்ட கயிற்றை இங்கே ஒரு கைதான் இழுத்தது. தங்கள் மண்ணில் விழும் மழையைத் தேக்க அடுத்த வீட்டாரின் அனுமதியை வேண்ட நேர்ந்ததே என்று மைசூரார் கொண்ட மனக்குறை இன்றுவரை ஆறவில்லை. அந்த மனக்குறையில் நியாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை.

ஆயினும் விதி வேலை செய்தது. கண்ணம்பாடியில் காவிரியின் குறுக்கே பெரிய அணை கட்ட மைசூர் முற்பட்டபோது, அதே 1892-ஆம் ஆண்டு விதிகளின்படி விவகாரம் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. அலகாபாத் நீதிபதி கிரிஃபின் 1914-இல் தீர்ப்பளித்தார். சென்னை அதை ஏற்கவில்லை. மேல்முறையீடுகளும் பேச்சுக்களும் பத்தாண்டு நீண்டு, 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி, அதாவது முதல் உடன்படிக்கைக்குச் சரியாக முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, இரண்டாவது உடன்படிக்கையில் முடிந்தன. கிருஷ்ணராஜசாகரம் என்று பெயர் பெற்ற அந்தக் கண்ணம்பாடி அணை முடிவுற்றதும், மேட்டூர் அணை எழுந்ததும் அதன் பின்விளைவுகளே. தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்பதைவிட, தீர்ப்புக்குப் போக ஒரு வாசல் இருந்தது என்பதே இங்கே முக்கியம். அந்த வாசல் இல்லாத காலத்தில் இதே இரண்டு நாடுகள் 1767-இல் என்ன செய்தன என்பதை முன்பே பார்த்தோம்.

சுதந்திரத்துக்குப் பின் பெண்ணையாற்றின் குறுக்கே தமிழ்நாட்டுக்குள்ளேயே அணைகள் எழுந்தன. திருவண்ணாமலைக்குத் தென்மேற்கே, சென்னகேசவ மலைத்தொடரின் நடுவே ஆறு புகுந்து வெளிப்படும் இடுக்கில், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொடங்கப்பட்ட சாத்தனூர் அணை, காமராஜர் முதலமைச்சராக இருந்த 1958-இல் பாசனத்துக்கு வந்தது. 119 அடி நீர்மட்டமும் 7,321 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அந்நீர்த்தேக்கம் இடது, வலது கால்வாய்களால் ஏறத்தாழ 45,000 ஏக்கருக்கு நீர் தருகிறது. பல பழைய ஏரிகளுக்கும் கால்வாய் வழியே நீர் போகிறது. ஆனால் சாத்தனூரின் நிறைவு சாத்தனூரில் தீர்மானமாவதில்லை. நந்தி மலையிலிருந்து பெங்களூரைச் சுற்றி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வரும் நீர் எத்தனை தேக்கங்களைத் தாண்டி வருகிறதோ அத்தனையைப் பொறுத்தது அது. மலைத்தொடரின் நடுவில் நிற்கிற பெரிய சாத்தனூரும், ஏரிச் சங்கிலியின் நடுவில் நிற்கிற சிற்றேரி ஒன்றும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன.

ராஜதானியும் சமஸ்தானமும் மறைந்து, 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன; உடன்படிக்கை மறையவில்லை. பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோல் என்னும் இடத்தில் கர்நாடகம் கோலார், மாலூர், பங்காரப்பேட்டை ஆகிய ஊர்களின் குடிநீருக்காக அணை கட்ட முற்பட்டபோது, கேளாமல் கட்டுவது 1892 விதிகளுக்கு விரோதம் என்று தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றத்தை நாடிற்று. பெயர் குறித்த ஆறு என்றால் அதன் கிளைகளும் அடங்குமா, பாசனத்துக்காக எழுதிய விதி குடிநீரையும் கட்டுமா என்று வாதங்கள் நடந்தன. 2019 நவம்பரில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது; நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் போகலாம் என்று வழி காட்டப்பட்டது. கோலாரில் குடிக்க நீர் வேண்டும் என்பதும் உண்மை; கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் பயிர் காயக்கூடாது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒரே மேசையில் வைத்துப் பேசுவதற்கு நூற்று முப்பது ஆண்டு பழமையான காகிதம் ஒன்றையே இன்னும் நம்பியிருக்கிறோம்.

அந்தக் காகிதம் அறியாத துன்பங்களும் இப்போது சேர்ந்துவிட்டன. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகப் பெண்ணையில் இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குகிறது. 1892-இல் நீர் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள், எப்படிப்பட்ட நீர் என்று கேட்க வேண்டிய அவசியம் நேரவில்லை. அந்தக் கழிவுநீரையே சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். வறண்ட ஏரிகள் நிறைகின்றன என்ற நன்மையோடு, பெண்ணையில் வரவேண்டிய நீர் வேறு வழியில் திரும்புகிறதே என்ற கேள்வியும் உண்டு. வெள்ளமோ வேறு கணக்கு. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில், ஃபெங்கல் புயல் மழையால் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி திறக்கப்பட்டபோது, கீழே இருந்த ஊர்களுக்கு வேண்டியது நீரில் பங்கு அல்ல, நேரத்தில் செய்தி.

உலகம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், 1997 மே மாதம் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை நாடுகளுக்குப் பொதுவான ஆறுகளைப் பற்றி ஒரு சாசனத்தை ஏற்றது. ஒரு நாடு தன் எல்லைக்குள் ஆற்றில் அடுத்த நாட்டைப் பெரிதும் பாதிக்கக்கூடிய வேலை எதையும் தொடங்குமுன் அந்நாட்டுக்கு விவரம் அனுப்பி, பதிலுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று. வாக்கெடுப்பில் இந்தியா எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிநின்றது. சாசனம் நடைமுறைக்கு வந்தது 2014-இல்தான். 1997-க்கு நூற்றைந்து ஆண்டுகளுக்கு முன்பே மைசூரும் சென்னையும், அவற்றுக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் கலங்கல் ஓரத்து ஊர்களும் கண்டறிந்த முறையை உலகம் தாமதமாகவே வந்து அடைந்தது.

ஆகையால் புதிய தத்துவம் எதையும் தேட வேண்டியதில்லை. பழைய முறையின் குறைகளை நிரப்பினால் போதும். கேட்கும் கடமை மேல்நாட்டாரோடு நில்லாமல் கீழ்நாட்டாருக்கும் உரியதாக வேண்டும். தமிழ்நாடு தன் ஏரிகளைத் தூரவிட்டுவிட்டு, ஆக்கிரமிப்புக்களைக் கண்டும் காணாதிருந்துகொண்டு, வரவில்லை என்று மட்டும் முறையிடுவது நியாயமாகாது. நீரின் அளவோடு அதன் தூய்மையையும், நிலத்தடி நீரையும், வெள்ளச் செய்தியையும் ஒரே உடன்படிக்கையில் சேர்க்க வேண்டும். இரு மாநிலத்து இன்ஜினீயர்களும் ஒரே அளவுகோலில் ஒரே நாளில் அளந்த கணக்கை இரு மாநிலத்துக் குடியானவர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கணக்கு மறைந்திருக்கும் இடத்தில்தான் சந்தேகம் வளர்கிறது. செங்கத்துச் சுவரில் வெட்டிய சத்தியங்கள் பகைவன் ஒருவன் இருந்தவரை நின்றன. கலங்கல் ஓரத்து வழக்கம் எந்தப் பகைவனையும் வேண்டாமல் நின்றது. இரண்டில் எது நீடித்தது என்று கேட்டு, அதன்படி அடுத்த உடன்படிக்கையை எழுதுவதே இரு நாட்டாருக்கும் நன்மை.